ஓர் உருபு பிளந்த திருச்சபை

ஆங்கிலத்தில் இயந்திரக் கையேடு எழுதுகிறவருக்கு ‘கன்சிஸ்ட்’ என்ற வினை ஒரு சின்னத் தொல்லை. பின்னால் ‘ஆஃப்’ வந்தால் உதிரிப் பாகங்களின் கணக்கு; ‘இன்’ வந்தால் பொருளின் சாரம் எதில் இருக்கிறது என்ற பேச்சு. மாற்றிப் போட்டால் திருத்துபவர் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார், அவ்வளவுதான். 451இல் இப்படி ஒரு குட்டிச் சொல்லுக்காகக் கிறிஸ்தவ உலகமே பிளந்தது.

இடம் கால்செதோன், இன்றைய இஸ்தான்புல்லின் காடிகோய். இயேசு கடவுளும் மனிதரும் என்பதில் அங்கே கூடிய ஆயர்களுக்குள் சண்டை இல்லை. அதைச் சொல்லும் விதத்தில்தான் சண்டை. அக்டோபர் 22 அன்று வாசித்த வரைவில் ‘இரண்டு இயல்புகளிலிருந்து’ என்று இருந்தது, கிரேக்கத்தில் ‘எக்’. பெரும்பாலோர் ஆரவாரமாக ஏற்றார்கள். திருத்தந்தை லியோவின் தூதர்களோ மூட்டை கட்டத் தயாரானார்கள். இரண்டிலிருந்து வந்தவர் பிறகு ஒன்றாகக் கரைந்துவிட்டார் என்றும் அதைப் படிக்கலாமே! போதாததற்கு, சில நாள் முன்பு பதவி இழந்த அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோஸ்கோருஸ் ஒப்புக்கொண்டதும் இதே ‘இருந்து’தான். லியோ பக்கமா, தியோஸ்கோருஸ் பக்கமா என்று பேரரசரின் அதிகாரிகள் கேட்டார்கள். ஒரு குழு உட்கார்ந்தது. வாசகம் மாறியது: ‘இரண்டு இயல்புகளில் அறியப்படுபவர்’.

எகிப்து, சிரியா, ஆர்மீனியா, எத்தியோப்பியா சபைகள் இந்த ‘இல்’லை ஏற்கவில்லை. கேரளத்தின் மலங்கரை ஓர்த்தடாக்ஸ் சபை இன்றும் அவர்கள் வரிசையில்தான் நிற்கிறது.

உருபு மாறினால் உள்ளதும் மாறுமா? செசரியாவின் ஆயர் பசிலியார் 375 வாக்கிலேயே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார். ‘மகன் வழியாக, ஆவியில்’ என்றும் ‘மகனோடு, ஆவியோடு’ என்றும் அவர் தந்தையை இருவிதமாகப் போற்றியதற்கு எதிர்ப்பு கிளம்பியது. சொல்லும் உருபு வேறானால் இயல்பும் வேறு என்பது எதிராளிகளின் வாதம். வேதநூல் அந்தச் சொற்களை மாற்றி மாற்றி ஆளுவதை அவர் ஒரு நூலில் காட்டினார். அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு கருத்துக்கு வேலி போட வேண்டிய நாளில், உருபைவிடச் சிறிய முள் கிடைப்பதில்லை.

கால்செதோன் ஆயர்கள் தமிழில் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நன்னூல் ‘இல்’லை நீக்கப் பொருளில் ஐந்தாம் வேற்றுமைக்கும் தருகிறது, இடப்பொருளில் ஏழாம் வேற்றுமைக்கும் தருகிறது. இரு தரப்பும் ஒரே ஏட்டில் கையெழுத்திட்டு, வீட்டுக்குப் போய் வேறுவேறாகப் படித்திருக்கலாம்.

1973 மே மாதம் திருத்தந்தை ஆறாம் பவுலும் எகிப்தின் கோப்துத் திருத்தந்தை மூன்றாம் ஷெனூடாவும் கிறிஸ்துவைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். முழுக் கடவுள், முழு மனிதர் என்று அது சொல்கிறது. ‘இரண்டு இயல்புகளில்’ என்ற தொடர் அதில் இல்லை. ‘இரண்டு இயல்புகளிலிருந்து’ என்பதும் இல்லை.