படித்தவர்கள் மீது பிள்ளைகளுக்குள்ள ஹக்



நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்கு வயது 11. தகப்பனாரை இழந்த பிள்ளை. பத்துக்கும் மேற்பட்ட சூராக்களை மனனம் செய்திருந்தவரைக் குடும்பத்தார் அழைத்து வந்து காட்டினார்கள். ஓதச் சொல்லிக் கேட்ட நபியவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி ஏவினார்கள். அரை மாதத்தில் கற்றுவிட்டார்கள். பின்னாளில் அபூபக்கர் (ரலி) ஆட்சியில் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பொறுப்பு அவர்களிடம்தான் வந்தது.

'நன்றாகப் படி' என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. எதைப் படிப்பது என்று காட்டினார்கள்.

சென்ற ஆண்டு, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பிள்ளை என்னிடம் வந்தான். சென்டாக் விண்ணப்பத் தேதி முடிந்திருந்தது. அதில் முஸ்லிம்களுக்கு 2 சதவீத இடஒதுக்கீடு உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. துஆச் செய்து அனுப்பினேன். எனக்குத் தெரிந்தது அரபுக் கல்லூரி வழிதானே!

உங்களுக்குத் தெரியும். பாகூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் படித்துத்தான் இன்று மருத்துவமனையில், வங்கியில், துபாயில் வேலை பார்க்கிறீர்கள். நீங்கள் உட்கார்ந்த பெஞ்சில் இன்று இருப்பவனுக்கு மாதம் இரண்டு மணி நேரம் கொடுங்கள். எந்தப் படிப்பு, என்ன செலவு, எந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வைப்பது என்று சொல்லுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2023 முதல் 10 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் சொல்லுங்கள். தவறான படிப்பில் சேர்ந்து நீங்கள் பட்ட சிரமம் இருந்தால், வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள். பனித்திட்டு மீனவச் சகோதரர்களின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெண் பிள்ளைகளையும்தான்.

தொழுகை முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், படித்த படிப்பு, கைப்பேசி எண் எழுதிவிட்டுப் போங்கள்.