வஞ்சித்தானைப் பொறுத்தல் அறமாகுமா?

பிறர் செய்த தீங்கைப் பொறுத்தல் சான்றோர் இயல்பென்பது யாவரும் உடன்படுவது. ஆயின், வஞ்சித்தவனை வாளா விடுதலும் அப்பொறையுள் அடங்குமோ என்பது ஆராயற்பாலது. எம் இல்லத்து நிகழ்ந்ததொன்று இவ்வாராய்ச்சிக்கு வாயிலாயிற்று.

எம் பாட்டனார் கட்டிய வீடு பழைய சுண்ணாம்புத் தளமுடையது. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கற்களைச் சாந்திட்டு அடுக்கி, செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துப் பலநாள் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்தது. சென்ற ஐப்பசி மழைக்கு முன்னர் இருவர் வாயிலில் வந்து, "அடுத்த தெருவில் வேலை முடித்தோம், பொருள் மிஞ்சியுள்ளது, இன்றே இசைந்தாற் பாதிக் கூலி" என்றனர். மாடியேறி, உதிர்ந்த காரைத் துண்டொன்றைக் கொணர்ந்து, தளம் விழுமென அச்சுறுத்தினர். சீட்டும் இல்லை, முகவரியும் இல்லை. 15,000 ரூபாய் பெற்று, வெண்மையாக எதனையோ பூசிச் சென்றனர். முதல் மழையிலேயே பூச்சு உரிந்தது. நீர் சுவர்வழி இறங்கிற்று. விரிசலை அகழ்ந்து சுண்ணாம்புச் சாந்தால் அடையாது மேலே மெழுகுதல் பயனின்றென்பதை முதிய கொத்தனார் ஒருவர் பின்னர் உணர்த்தினார்.

இதனைக் கேட்ட நண்பர், "இழப்பு உம் பிராரத்தம், முறையிடுதல் அடியார்க்கு அழகன்று" என்றார். எமக்கும் அச்சொல் இனிதாகவே இருந்தது. என்னை? ஏமாந்தமை ஊரறியும் என்னும் நாணத்தை அது பொறுமையென்னும் பெயரால் மறைத்தது. பாதிக் கூலி என்றதற்கு இணங்கிய எம் அவாவையும் உடன் மறைத்தது.

இழப்பு பிராரத்தமே ஆகுக. அதன்பின் யாம் செய்வதும் செய்யாதொழிவதும் ஆகாமியம் அன்றோ? எம் பொருளை விட்டுக்கொடுக்க எமக்கு உரிமை உண்டு. நாளை அவர் ஏறும் வாயிலில் ஒரு கைம்பெண் இழக்கப்போகும் பொருளை விட்டுக்கொடுக்க எமக்கு உரிமை யாது?

அற்றேல், ஒறுத்தல் அருளுக்கு மாறாகாதோ எனின், ஆகாது. இறைவன் ஒறுத்தலையும் மறக்கருணை என்றே சித்தாந்தம் கூறும். வெகுளியின்றி முறையிடுதல், வஞ்சகன் தன் வினையை மேலும் பெருக்காது தடுத்தலுமாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுடைய பணிக்கு இரண்டாண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடின் முறையீட்டுக் கட்டணமும் இல்லை. ஆயின், பெயரும் முகவரியும் அறியாதார் எவர்மீது முறையிடுவர்? ஆதலின் சீட்டுப் பெறாது பொருள் கொடுத்தல் வஞ்சகத்திற்குத் துணைபோதலாம். யாம் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, நாணத்தை ஒழித்துத் தெருவினர்க்கும் உரைத்தேம். பணம் மீண்டிலது.

பணத்தினும் பெரிய இழப்பொன்று உண்டு. அம்முதிய கொத்தனார் முதன்முறை வந்தபோது, அவரையும் கள்வரென ஐயுற்று, வெயிலில் நிறுத்தி மறுத்து அனுப்பினேம். அவர் சினவாது மறுநாளும் வந்தார். வஞ்சகன் கவர்ந்தது எம் பொருளை மட்டுமன்று, அந்நல்லார்க்கு யாம் தரவேண்டிய நம்பிக்கையையுமாம். அதனைப் பொறுத்துவிட எமக்கு உரிமையில்லை என்பது தெளிக.