பழந்துணியும் பிள்ளையின் உடுப்பும்

பெரியவர்கள் உடுத்திப் பழசாகிப்போன டி-ஷர்ட்டை வெட்டி, குழந்தை இரவில் போட்டுக்கொள்ளப் பைஜாமா தைப்பது சேலம், நாமக்கல் சமவெளியில் தையல் மிஷின் உள்ள வீடுகளுக்குப் புதிய வேலை அல்ல. சிக்கனம் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் ஒருவர் உடலில் கிடந்த துணி இன்னொருவர் உடலுக்குப் போகும்போது அதனுடன் சேர்ந்து என்ன போகிறது என்பது இந்நாட்டு மதங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி. போவது தீட்டா, அருளா, இழிவா, அன்பா? ஒரே மரபுக்குள்ளேயே இதற்கு ஒன்றுக்கொன்று ஒவ்வாத பதில்கள் உண்டு.

முதலில் வேலையைப் பார்க்க வேண்டும். இப்பகுதியில் உடுத்தும் டி-ஷர்ட் பெரும்பாலும் திருப்பூர்ப் பனியன் துணி. அது தறியில் நெய்த துணி அல்ல, நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னியது. குறுக்கே இழுத்தால் நன்றாக நீளும், நெடுக்கே அவ்வளவு நீளாது. ஆகவே நீளும் வாக்கு குழந்தையின் இடுப்பைச் சுற்றி வரும்படி வைத்து வெட்ட வேண்டும். குழந்தைக்குச் சரியாக இருக்கும் ஒரு பேன்ட்டை நெடுக்கே இரண்டாக மடித்துத் துணிமேல் அளவாக வைத்து, தையலுக்கும் இடுப்புப் பட்டிக்கும் இடம்விட்டுச் சாக்பீஸால் கோடிழுப்பார்கள். டி-ஷர்ட்டின் கீழ் மடிப்பையே பைஜாமாவின் கால் மடிப்பாக வைத்துக்கொண்டால் ஒரு தையல் மிச்சம். வெட்டிய ஓரம் உடனே சுருண்டுகொள்ளும். அதை விரலால் நீவி நீவித்தான் மிஷினுக்குள் விட வேண்டும். சாதாரண ஊசி கண்ணியை அறுத்துவிடும் என்பதால் முனை மழுங்கிய ஊசி போடுவார்கள். நேர்த்தையல் போட்டால் குழந்தை குந்தி உட்காரும்போதே நூல் தெறித்துவிடும், ஆகையால் ஜிக்ஜாக். கழுத்துப் பட்டியும் வியர்வையில் வெளுத்த அக்குள் பகுதியும் கழிவாகப் போகும். பலமுறை வெளுத்த துணி இனிச் சுருங்காது, சாயமும் விடாது. சேலத்துக் கோடைப் புழுக்கத்தில் குழந்தையின் தோலுக்கு அதைவிட மெத்தென்ற துணி கடையில் கிடைப்பது அரிது.

பழந்துணியைக் குழந்தைக்குப் போடுவது மரபுக்கு விரோதம் என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளையை முதலில் ஏந்துவதே பழைய வேட்டித் துண்டுதான். தூளி கட்டுவதும் பாட்டியின் அல்லது தாயின் பழைய நூல்சேலையில். சடங்குக்கு உரிய கோடித் துணி பின்னால்தான் வரும். மெதுமை இதற்கு ஒரு காரணம். கண்ணேறு பற்றிய அச்சம் இன்னொன்று. பிறந்த பிள்ளைகள் தக்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் குப்பன், குப்பாயி, பிச்சை என்று பெயர் வைத்ததும் இந்த அச்சத்தால்தான். யாரும் ஆசைப்படாத பொருளாகக் காட்டினால் சாவு அந்தப் பிள்ளையைத் தொடாமல் போய்விடும் என்று பெற்றவர்கள் நம்பினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் தவிப்பு அந்தப் பெயர்களில் இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது.

தீட்டைக் கணக்கிடும் ஆசாரம் வேறு கோணத்தில் பார்க்கிறது. உடுத்திய பருத்தித் துணி தீட்டை ஏற்கும், நனைத்துத் துவைத்து உலர்த்தினால் மீண்டும் மடியாகும், அதாவது தூய்மை பெறும், பட்டு அவ்வளவாக ஏற்காது என்பது அதன் விதி. வெட்டுப்படாத, தைக்கப்படாத துணிதான் வழிபாட்டுக்கு உகந்தது என்பதும் அதே ஆசாரத்தைச் சேர்ந்தது. வேட்டியும் சேலையும் தறியிலிருந்து இறங்கிய நிலையிலேயே உடுத்தப்படுவதால் அவற்றுக்கு அந்தத் தகுதி. ஹஜ் யாத்திரையில் முஸ்லிம் ஆண்கள் அணியும் இஹ்ராமும் தைக்காத இரண்டு துணிகளே. இந்தக் கணக்கில் டி-ஷர்ட்டுக்குச் சடங்கில் இடமில்லை, அதிலிருந்து தைத்த பைஜாமாவுக்கும் இல்லை. அதனாலேயே ஆசாரம் அதைத் தடுக்கவும் இல்லை. துவைத்து உலர்த்திவிட்டால் தீட்டுக் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது.

பக்தி மரபில் பதில் தலைகீழ். இறைவன் உடுத்திக் களைந்த பீதாம்பரத்தைத் தாம் உடுத்துவதாகத் திருப்பல்லாண்டில் பெரியாழ்வார் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். அம்மன் கோயில்களில் அம்மனுக்குச் சாத்திய புடவையை ஏலத்தில் எடுத்துப் பெண்கள் மகிழ்ந்து கட்டிக்கொள்வதும் அந்த நம்பிக்கையில்தான். புதுப்புடவை கடையில் கிடைக்கும், ஆனால் அம்மன் மேனியில் கிடந்த புடவைக்கு அது ஈடாகாது. துணி உடுத்தியவரைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது என்பதில் ஆசாரமும் பக்தியும் ஒன்றே. ஆசாரம் அதைக் கண்டு விலகுகிறது, பக்தி அதற்காகவே கைநீட்டுகிறது.

மூன்றாவது பதில் கசப்பானது. பணியாளுக்கு எச்சில் உணவையும் பழைய துணியையும் கொடுக்கலாம் என்று மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் விதிக்கிறது. பிணத்தின் துணியே சண்டாளருக்கு உடை என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது. கொங்குப் பண்ணை வீடுகளில் கழித்த வேட்டி பண்ணையாளுக்குப் போனதில் இந்த ஏற்பாட்டின் நிழல் இருந்தது. வாங்குபவர் மறுக்க முடியாது, கொடுப்பவருக்கோ எந்த இழப்பும் இல்லை. கோயிலில் அருளாக வரும் அதே பழந்துணி இங்கே ஒரு மனிதரை அவர் இடத்தில் நிறுத்திவைக்கும் கருவியாகிறது. துணியில் ஒரு வேறுபாடும் கிடையாது. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் உள்ள உறவில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்படியானால் குழந்தைக்குப் போகும் பழந்துணியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? குழந்தையும் மறுக்க முடியாது. கழித்ததைத் தள்ளிவிடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி. பழந்துணியைப் பற்றி மிக விரிவாக யோசித்த பௌத்தத்தில் இதற்கு விடை கிடைக்கிறது.

பௌத்தம் இச்சமவெளிக்கு அந்நியம் அல்ல. ஆத்தூருக்கு அருகே தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்டுவந்த சிலை புத்தருடையதே என்று தொல்லியல் துறையின் ஆய்வை ஏற்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் புத்தரின் சங்கத்தில் துறவியின் உடை குப்பையிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய கந்தையைத் துவைத்துச் சாயமிட்டுத் தைத்ததாக இருக்கலாம். பாம்சுகூலம் என்பது அதன் பெயர். மகத நாட்டு வயல்களின் வரப்பு அமைப்பைக் காட்டி அதே அமைப்பில் துறவியின் உடையான சீவரத்தைத் தைக்கும்படி புத்தர் கேட்க, அவர் சீடர் ஆனந்தர் அவ்வாறே தைத்துக் காட்டினார் என்று சங்கத்தின் ஒழுங்கு நூலான வினயபிடகம் கூறுகிறது. நல்ல துணி தானமாகக் கிடைத்தாலும் அதை வெட்டித் துண்டாக்கித்தான் சீவரம் தைக்க வேண்டும். வெட்டிய துணியை யாரும் விற்க முடியாது, திருடவும் விரும்ப மாட்டார்கள். பொருளின் சந்தை மதிப்பு கத்தரியோடு போய்விடுகிறது.

வெட்டுவது ஒரு துறவு என்பதை அந்த மரபு இப்படிக் கண்டுகொண்டது. வீட்டுப் பைஜாமாவுக்கும் இது பொருந்தும். டி-ஷர்ட்டை அப்படியே ஒருவருக்குக் கொடுத்தால் அது இன்னும் கொடுத்தவரின் சட்டைதான், அவர் அளவில், அவர் தோள் அகலத்தில் இருக்கும். கத்தரி பட்ட கணத்தில் உடுத்தியவர் அதன்மீது வைத்திருந்த உரிமை தீர்ந்துபோகிறது. இனி அது அவருக்கு ஆகாது, தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்கவும் உதவாது. அதன்பின் அளவெடுத்து, ஓரம் நீவி, எலாஸ்டிக் கோக்கும் ஒரு பொழுதின் உழைப்பு அதில் சேர்கிறது. தள்ளிவிட்ட துணியில் உடுத்தியவரின் மிச்சம் மட்டுமே இருக்கும். தைத்த துணியில் அணியப்போகும் பிள்ளையின் உடலை நினைத்துச் செய்த வேலை இருக்கிறது. மனுவின் விதியில் இல்லாதது இந்த வேலைதான். நபிகள் நாயகம் தம் உடையைத் தாமே தைத்துக்கொள்வார் என்று அவர் மனைவி ஆயிஷா சொன்னதாக வரும் ஹதீஸும் தையல் வேலையை எந்தத் தகுதிக்கும் குறைவானதாகக் கருதவில்லை.

நம் காலத்தில் தள்ளிவிடுவதற்கும் தருவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பொதுவாழ்வில் சோதித்துப் பார்த்தது 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு. பழந்துணியை அது தானமாக வாரி வழங்குவதில்லை. தரம் பிரித்து, வேண்டியதைத் தைத்துச் சீராக்கி, கிணறு வெட்டுவது, பாதை போடுவது போன்ற ஊர் வேலைக்கு ஈடாகக் கொடுக்கிறது. வாங்குபவர் கைநீட்ட வேண்டாம் என்பதே அதன் நோக்கம்.

ஒரு மறுப்பையும் கேட்க வேண்டும். இளம்பிள்ளைச் சேலை, ராசிபுரம் பட்டு, குமாரபாளையம் லுங்கி என்று துணியால் பிழைக்கும் பகுதி இது. எல்லோரும் பழசையே திருப்பித் தைத்தால் தறி என்னாகும்? திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமம் கதர் வழியாக ஏழைக் குடும்பங்களுக்கு வேலை கொடுத்தது. துணி வாங்குவதும் ஒருவருக்குச் சோறு போடுவதுதான் என்ற நினைப்பு அதன் அடியில் இருந்தது. அது நியாயமான நினைப்பு. தீபாவளிக்கும் ஆடிப் பண்டிகைக்கும் மஞ்சள் தடவிய புதுத்துணி பிள்ளைக்கு வேண்டும், ஊராரோடு நிற்கும் இடத்தில் அது குறைபடக் கூடாது. வீட்டுக்குள் உறங்கும் நேரத்து உடுப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கடினமான நிலை ஒன்று மிச்சம் இருக்கிறது. இறந்தவரின் டி-ஷர்ட்டைப் பேரப்பிள்ளைக்குத் தைக்கலாமா? இறந்தவர் துணியைச் சில வீடுகளில் எரிக்கிறார்கள், சில வீடுகளில் கொடுத்துவிடுகிறார்கள், ஒன்றிரண்டைப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. ஆன்மா பழைய ஆடையைக் களைந்து புதியதை ஏற்பது போல உடலை மாற்றுகிறது என்னும் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் களைந்த ஆடைக்கு அதற்கு மேல் கதை இல்லை. வினயத்தில் கதை அங்கேதான் தொடங்குகிறது. அரசன் உதேனன் கேட்டபோது, பழைய சீவரம் விரிப்பாகும், விரிப்பு மெத்தை உறையாகும், பிறகு தரைவிரிப்பு, காலடித் துணி, தூசித் துணி என்று போய்க் கடைசியில் மண்ணோடு குழைத்துப் பூசப்படும் என்று ஆனந்தர் விளக்கினார். இறந்தவர் துணியைச் சுமக்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவது இழிவு. துறவி அதைத் தானே எடுத்து உடுத்தினான். பாட்டனின் சட்டையைப் பேரனுக்கு வெட்டும் வீட்டில் இந்த இரண்டும் இல்லை. அங்கே துக்கம் மட்டும் இருக்கிறது. அது ஆறுவதற்குள் கத்தரி எடுக்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது. ஆறிய பிறகு வெட்டுவதைக் குற்றமென்று கருத, இங்கே பார்த்த எந்த மரபிலும் காரணம் இல்லை.