சூடு போகும் வழி

கணினிக்குள் போகிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. திரையில் பாய்ந்தோடும் குதிரை, அடித்துப் பெய்யும் மழை, இடிந்து விழும் கோட்டை, இவற்றைக் கணக்கிடச் செலவான ஒவ்வொரு வாட்டும் அறைக் காற்றில் வந்து சேர்கிறது. ஐபிஎம்மில் பணியாற்றிய ரால்ஃப் லேண்டவர் 1961-ல் இதன் அடிவேரைத் தொட்டார். ஒரு பிட் தகவலை அழித்தாலே குறைந்தபட்சம் இவ்வளவு வெப்பம் வெளிப்பட்டாக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றைய சிப்புகள் அந்த எல்லைக்கு வெகுதூரம் மேலே இருக்கின்றன. ஆனாலும் மறப்பதற்கு இயற்கையே ஒரு விலை வைத்திருக்கிறது என்று நினைக்கும்போது மனம் சற்று நின்றுவிடுகிறது.

“பிராசசர் ரொம்ப ஹீட் ஆகுது” என்று வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றும். சூடு உண்டாவதை நிறுத்த முடியாது. அது போகிற வழியில் எங்கே அடைபட்டிருக்கிறது என்று தேடலாம்.

*

அண்ணன் மகனின் கேபினெட் என் மேசைமேல் இருக்கிறது. உள்ளே ரைசன் 7 5800எக்ஸ், 2020 நவம்பரில் சந்தைக்கு வந்த பிராசசர். “சித்தப்பா, கேம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல லேக் அடிக்குது. 90 டிகிரி காட்டுது. ரிச்சி ஸ்ட்ரீட் போயி லிக்விட் கூலர் வாங்கிட்டு வந்துடவா?”

“வாங்கலாம்ப்பா. முதல்ல என்னன்னு பார்த்துடலாம்.”

90 என்பது இந்த பிராசசருக்கு விதிக்கப்பட்ட உச்சம். அதைத் தொட்டதும் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அவன் லேக் என்று சொல்வது அந்தத் தற்காப்பைத்தான். எல்லா பிராசசரும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளம் ஒரு வீடியோ வெளியிட்டது. குவேக் 3 ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்க்கைக் கழற்றி எடுத்தார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தது. அத்லான் பிராசசர் கண்ணெதிரே புகைந்து போனது. ஆட்டம் திக்கித் திணறுவதைப் பார்த்து எரிச்சல்படும் பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன். தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த பொருள் ஒன்று அவர்கள் மேசையில் இருக்கிறது.

*

5800எக்ஸின் எட்டு கோர்களும் சுமார் 81 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள ஒரே சிலிக்கான் துண்டில் இருக்கின்றன. ஏறக்குறைய சுண்டுவிரல் நகம் அளவு இடம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டை 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். இந்தத் துண்டு முழு மூச்சில் வேலை செய்யும்போது அதே அளவு இடத்திலிருந்து 100 வாட்டுக்கு மேல் கிளம்புகிறது. இவ்வளவு நெருக்கத்திலிருந்து புறப்படும் சூட்டுக்கு முதல் சில மில்லிமீட்டர்தான் கடினமான பயணம்.

*

பலரும் உச்ச எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். நான் அது ஏறும் விதத்தைப் பார்ப்பேன்.

சிலிக்கானும் அதன் மேலுள்ள உலோக மூடியும் எடை குறைந்தவை. ஒன்றிரண்டு நொடியில் சூடேறிவிடும். கூலரில் அரைக் கிலோவுக்கு மேல் உலோகம் உண்டு; அது நிதானமாகச் சூடாக நிமிடங்கள் ஆகும். கேபினெட்டுக்குள் இருக்கும் மொத்தமும் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். அறை ஒரு பிற்பகல் முழுக்க எடுத்துக்கொள்ளும். அடைப்பு எந்தப் படியில் இருக்கிறதோ அந்தப் படியின் காலத்தில்தான் எண் உயரும். ஆட்டம் தொடங்கியவுடன் சட்டென்று பாய்ந்தால் பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே கோளாறு. மெல்ல மெல்ல ஊர்ந்தால் காற்றோட்டத்தில் கோளாறு. (ரைசன்கள் வேலை வந்ததும் பத்துப் பதினைந்து டிகிரி துள்ளுவது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.)

சூட்டை அளந்து காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து ஆட்டத்தை ஓடவிட்டோம். மூச்சு விடுவதற்குள் எண் 80-ஐத் தாண்டியது. பிறகு பொறுமையாக ஊர்ந்து 90-ஐ எட்டியது. பாய்ச்சலும் இருக்கிறது, ஊர்தலும் இருக்கிறது. ஒரு நோய்க்குள் இரண்டு நோய். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றியதும் ஊர்வது அடங்கியது. பாய்ச்சல் அப்படியே இருந்தது.

*

இந்த பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் கூலரை எடுக்கும்போது அவசரமே கூடாது. பிராசசரின் அடியில் 1331 ஊசிகள். பழைய தெர்மல் பேஸ்ட் இறுகியிருந்தால் கூலரோடு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், ஊசிகள் வளைந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியபின் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருக வேண்டும். பிடி விடுவது கைக்குத் தெரியும். அதன் பிறகுதான் தூக்க வேண்டும்.

திருப்பிப் பார்த்தோம். ஒரு பக்கம் பேஸ்ட் மெல்லிய படலமாகப் பரவி அடியிலுள்ள செம்பு தெரிந்தது. எதிர்ப்பக்கம் தடித்து, காய்ந்து, வெடிப்பு விட்டிருந்தது. பூட்டியவர் ஒரு ஸ்க்ரூவை முழுக்க முறுக்கிவிட்டுத்தான் மற்றதற்குப் போயிருக்க வேண்டும். கூலர் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தடித்த பக்கத்துக்கு நேர்கீழேதான் எட்டு கோர்களும். இந்த வகை பிராசசர்களில் அந்தத் துண்டு மூடிக்கு நடுவில் இருக்காது, ஒதுங்கித்தான் இருக்கும்.

பேஸ்டைப் பற்றி ஏதேதோ பெரிதாகப் பேசுகிறார்கள். வழவழவென்று தெரியும் இரண்டு உலோகப் பரப்புகள் சேரும் இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டு. அவற்றில் காற்று நிற்கும். வெப்பக் கடத்தலில் செம்பின் எண் ஏறக்குறைய 400, காற்றின் எண் 0.026. நல்ல பேஸ்ட் பத்தை ஒட்டி நிற்கும். செம்போடு ஒப்பிட்டால் அதுவும் சுமாரான கடத்திதான். அதன் வேலை குழியில் இருக்கும் காற்றை விரட்டுவது. அதனால்தான் கூடுதலாக அப்புவது கெடுதல்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்தான். பட்டாணி அளவு பேஸ்ட். இந்த ஸ்க்ரூவில் இரண்டு திருகு, அந்த ஸ்க்ரூவில் இரண்டு திருகு என்று மாற்றி மாற்றி முறுக்கினான். அவன் கை முதலில் பதறியது, பிறகு பழகியது.

*

பூட்டுவதற்கு முன் கூலரை ஏந்திப் பார்த்தபோது அதன் செம்புக் குழாய்களில் கண் நின்றது. அவை திட உலோகம் என்றே அவன் நினைத்திருந்தான். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் நூறு டிகிரிக்கெல்லாம் காத்திருக்காது. அறைச் சூட்டுக்குச் சற்று மேலேயே ஆவியாகிவிடும். ஆவி தகடுகள் இருக்கும் பக்கம் ஓடிக் குளிர்ந்து நீராகும். குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் நுண்துளைச் செம்பு அந்த நீரைத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி இழுத்து மறுபடி பிராசசரிடம் சேர்க்கும். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. 1963-ல் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிக் காட்டிய அமைப்பு இது. பிள்ளை ஆட்டத்தில் மூழ்கியிருக்கும் நேரமெல்லாம் அவன் கால்மாட்டில் ஒரு துளி நீர் ஆவியாகி, குளிர்ந்து, திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. இது தெரிந்தபின் கூலரை வெறும் உதிரிப் பாகமாக என்னால் பார்க்க முடிந்ததில்லை.

*

பாய்ச்சல் சரியாகிவிட்டது. ஆட்டம் தொடங்கியதும் 60-களின் நடுவில் நிற்கிறது. ஊர்தலுக்குக் காரணம் எளிது: முன்பக்க வலையில் கம்பளி போலத் தூசி, போதாததற்கு அவன் வீட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்த மேசை. வலையைக் கழுவிக் காயவைத்தோம். மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடச் சொன்னேன்.

அதற்கு அப்புறம் மிஞ்சுவது சென்னையின் மே மாதம். சாதாரணக் கூலர் எதுவும், லிக்விட் கூலரும்கூட, அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்காது. அறை 36 என்றால் கணக்கு 36-லிருந்துதான் தொடங்கும். குளிர்நாட்டில் அளந்த எண்களைப் பார்த்து இங்குள்ள பிள்ளைகள் கவலைப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பயாஸில் ஈகோ மோடு என்று ஒன்று உண்டு. இந்த பிராசசர் சாக்கெட்டிலிருந்து 142 வாட் வரை இழுக்க அனுமதி பெற்றது; அந்த மோடில் அது 88-க்கு இறங்கும். அவன் ஆடும் ஆட்டத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்கிறான். கோடை முடியும்வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். நேற்று மத்தியானம் கரன்ட் போய் வந்த புழுக்கத்தில் ஆடியபோதும் 74-ஐத் தாண்டவில்லையாம். கூலருக்கு என்று வைத்திருந்த பணத்தில் முன்பக்கத்துக்கு ஒரு ஃபேன் போதும்.