முதுகு

மேலதிகாரியிடமிருந்து போன் வந்தால் வீட்டில்கூட எழுந்து நின்றுதான் பேசுகிறேன். போன வாரம் சாப்பிடும்போது அழைப்பு வந்தது. எச்சில் கையோடு எழுந்து, சுவரைப் பார்த்து "சரிங்க சார், சரிங்க சார்" என்றேன். பேசி முடித்ததும் மகள் கேட்டாள்: "இங்க யாருமே இல்லையே, ஏம்ப்பா நின்னீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. போலந்துச் சிற்பி மக்தலேனா அபகனோவிச்சின் 'முதுகுகள்' நினைவுக்கு வந்தன. 1976 முதல் 1980 வரை அவர் செய்தவை, மொத்தம் எண்பது. சணல் சாக்கைப் பிசினில் தோய்த்து அச்சில் அழுத்தி எடுத்த முதுகுகள். தலை இல்லை, கால் இல்லை. வரிசையாகத் தரையில் குனிந்து உட்கார்ந்திருக்கின்றன. தொழுகிறார்களா, அடிக்குக் காத்திருக்கிறார்களா, தெரியாது. புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு முதுகிலும் சாக்கின் சுருக்கம் வேறு, பிரிந்த நூல் வேறு. முன்பக்கம் மார்பு, வயிறு எதுவும் கிடையாது, வெறும் கூடு. ஆள் போய்விட்டான், குனிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

அபகனோவிச் 1930இல் பிறந்தவர். போர்க்காலத்தில் வீட்டுக்குள் புகுந்த ஜெர்மானியச் சிப்பாய்கள் சுட்டதில் தாய் கையை இழந்தார். போர் முடிந்து கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. பிரபுக் குடும்பத்துப் பெண் என்று தெரிந்தால் கலைக் கல்லூரியில் இடம் கிடைக்காது. பிறப்பை மறைத்துத்தான் சேர்ந்தார். துப்பாக்கி பயமுறுத்தியது ஒரு நாள். இதுவோ தினமும் தன் வாய்க்குத் தானே காவல் இருப்பது. அந்தச் சாக்கு முதுகுகளை வளைத்தது இந்த இரண்டாவது பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

போலந்தில் ஆட்சி மாறிய பின்னும் அவர் தலை இல்லாதவர்களைச் செய்வதை நிறுத்தவில்லை. சிகாகோவின் கிராண்ட் பூங்காவில் 2006இல் வைத்த 106 இரும்பு உருவங்களுக்கும் தலை கிடையாது. அந்தப் பிடிவாதம் எனக்குப் புரிகிறது. என் அதிகாரி நல்ல மனிதர். ஒருநாளும் என்னை நிற்கச் சொன்னதில்லை. சின்ன வயதில் வாத்தியார் வகுப்புக்குள் நுழையும்போது எழுந்தவன், இன்னும் உட்காரவில்லை.

நேற்று மறுபடி அழைப்பு வந்தது. மகள் பக்கத்தில் இருந்தாள். அவளுக்காக உட்கார்ந்தே பேசினேன். போனை வைத்த பிறகுதான் கவனித்தேன்: அவ்வளவு நேரமும் என் முதுகு நாற்காலியில் படவே இல்லை.