ஐயத்தின் அறம்

கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன, உடல் மெலிகின்றது, படத்திலே கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு கட்டி தெரிகின்றது. உடனே நாவிற் பிறக்கும் சொல் ‘புற்றுநோய்’ என்பதே. அச்சொல் பிறந்த கணமே வீட்டார் நோயாளியை இழந்துவிட்டவர்போல ஆகின்றனர். ஆனால், அச்சொல் எப்பொழுதும் உண்மைதானா?

இல்லை என்கின்றது விஞ்ஞானம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கி வீங்கச் செய்யும் அழற்சி நோயொன்று உண்டு. புற்றுநோயின் அடையாளங்கள் பலவற்றை அது தாங்கி வரும். 1995இல் ஜப்பானிய ஆய்வாளர் அதனைத் தனியொரு நோயாக வரையறுத்தனர். 2001இல் அந்நாட்டின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தார், இந்நோயாளரின் குருதியில் இமியூனோகுளோபுலின் ஜி4 என்னும் புரதம் மிகுந்திருப்பதைக் கண்டறிந்தனர். ஸ்டீரொயிட் மருந்தினால் இவ்வீக்கம் பெரும்பாலும் வற்றிவிடும், கத்திக்கு வேலையில்லை.

ஆயினும் கத்திக்கு உட்பட்டோர் உளர். கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை ஆகியவற்றை அகற்றும் விப்பிள் சத்திரசிகிச்சை மிகப் பெரியது. புற்றுநோய் எனக் கருதி அதனைச் செய்துகொண்டவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரையில் புற்றுநோய் இருக்கவில்லை எனப் பிற்பாடு தெரியவந்ததாக வைத்தியசாலைக் கணக்குகள் பல கூறுகின்றன.

இதற்காக வைத்தியரைப் பழிப்பது எளிது, ஆனால் நீதியாகாது. கணையப் புற்றுநோய் கொடியது. நாட்களைத் தின்று வளர்வது. ஊசியால் எடுத்த இழையத்திற் புற்று அகப்படாமையால் மட்டும் புற்று இல்லையென்று துணிய முடியாது. மேற்கூறிய புரதமோ புற்றுநோயாளர் சிலரிடத்தும் மிகுந்து காணப்படும். தாமதித்தால் உயிர் போகலாம். அவசரப்பட்டால் நலம்பெறக்கூடிய உறுப்புப் போகலாம். இவ்விரண்டிற்கும் இடையே நிற்பவருக்கு அறம் எது?

உள்ள ஐயத்தை மறையாது உரைத்தலே அறம் என்போம் நாம். “புற்றாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், அறிவதற்கு இவ்வழிகள் உள” என்று சொல்லும் வைத்தியர் நோயாளியை மனிதனாக மதிக்கின்றார். பொய்யான நம்பிக்கையும் அவர் தருவதில்லை. முதிராத தீர்ப்பும் வழங்குவதில்லை.

ஆனால், ஐயுறுதற்கும் வசதி வேண்டியிருக்கின்றதே! மீண்டுமொரு படம், இழையப் பரிசோதனை, இன்னொரு நிபுணரின் கருத்து ஆகிய இவையெல்லாம் பணமுள்ளவனைத் தேடி வரும். ஒருநாட் கூலியை இழந்து வைத்தியசாலை வாசலில் நிற்கும் உழைப்பாளிக்கோ முதலிற் கேட்ட சொல்லே முடிந்த சொல்லாகிவிடுகின்றது. ஒரே வகைக் கட்டி ஒருவனுக்கு ஆராயவேண்டிய வினாவாகவும் மற்றவனுக்கு விதியாகவும் அமைவதேன்? இவ்வேற்றுமையை விளைத்தது கணையமா, சமுதாயமா?

இலவச வைத்தியத்தை மக்களின் உரிமையெனக் கொண்ட நாட்டினர் நாம். அவ்வுரிமை மருந்துப் போத்தலோடு முடிந்துவிடலாகாது. தன் உடலுக்கு நேர்ந்தது யாதென்பதைத் தீர ஆராய்ந்து அறிந்துகொள்ளும் உரிமையும் அதனுள் அடங்கும். அதனை வலியுறுத்திக் கேட்பது நம் அனைவரதும் கடன்.