பண்டிகை அலைச்சலில் இளைப்பாறுதல்

 

டிசம்பர் வந்தால் நம்முடைய வீடுகளில் யாருக்கும் உட்கார நேரமில்லை. சபைக்கு வெள்ளையடிக்க வேண்டும், நட்சத்திரம் கட்ட வேண்டும், பிள்ளைகளுக்குத் துணி எடுத்துத் தைக்கக் கொடுக்க வேண்டும். சகோதரிமாருக்கோ முறுக்கும் அதிரசமும் சுட்டு முடிக்கிறதுக்குள் இடுப்பு ஒடிந்துபோகும். இதில் எதுவும் பாவமில்லை. ஆனால் 25-ஆம் தேதி காலை ஆராதனையில் வந்து உட்காருகிறது நம் சரீரம் மட்டும்தானா, ஆத்துமாவும் கூட வந்திருக்கிறதா?

இதை உங்களுக்காக மாத்திரம் எழுதுகிறேன் என்று நினைக்காதிருங்கள். கர்த்தர் முதலாவது என்னோடுதான் பேசினார்.

2019 டிசம்பரில் ஐந்து இரவுகள் கேரல் ரவுண்ட்ஸ் போனோம். கடைசி இரவு மட்டும் 40 வீடுகள். எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. வாலிபப் பிள்ளைகள் டெம்போவிலேயே தூங்கி விழுகிறார்கள். தெருக்கோடியில் ஒரு விதவைத் தாயார் வீடு பாக்கி. "அவங்க தூங்கியிருப்பாங்க, விடுங்க தம்பி, காலையில சபையில பாத்துக்கலாம்" என்று நானே சொல்லி வண்டியைத் திருப்பினேன்.

காலையில் ஆராதனை முடிந்ததும் அந்தத் தாயார் வந்தார்கள். முகத்தில் கோபமே இல்லை. "ஐயா, ராத்திரி மூணு மணி வரைக்கும் வாசல் லைட்டைப் போட்டு உக்காந்திருந்தேன். பாட்டுச் சத்தம் தெருமுனை வரைக்கும் வந்துச்சு, அப்புறம் கேக்கலை" என்றார்கள். கையில் ஒரு நோட்டுத் தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பேத்தியை வைத்து எழுதியிருந்தார்கள். மாதத்துக்கு ஒன்றாக, அந்த வருஷம் கர்த்தர் செய்த 12 நன்மைகள். மார்ச்: கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஜூலை: தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. "நீங்க வந்ததும் இதை வாசிச்சு, எல்லாரும் சேர்ந்து ஒரு ஸ்தோத்திரம் சொல்லணும்னு ஆசைப்பட்டேன் ஐயா."

பிரியமானவர்களே, எனக்குப் பேச்சு வரவில்லை. எங்களிடம் பாட்டு இருந்தது, மேளம் இருந்தது, ஸ்தோத்திரம் இல்லை. அந்த வருஷத்து நன்மையில் ஒன்றைச் சொல் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

லூக்கா 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். டிசம்பர் 25 என்ற தேதி அங்கே இல்லை. கி.பி. 354-ல் ரோமாபுரியில் தொகுத்த நாட்காட்டியில் அந்தத் தேதி இருக்கிறது. தேதியை எழுதாத பரிசுத்த ஆவியானவர் இரண்டு காரியங்களை எழுதி வைத்திருக்கிறார்.

ஒன்று, மரியாள். நாசரேத்திலிருந்து பெத்லகேம் 100 கிலோமீட்டருக்கும் மேலான தூரம். குடிமதிப்புக் கூட்டத்தில் சத்திரத்திலும் இடமில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அந்த ராத்திரியிலேயே ஆட்கள் பார்க்க வருகிறார்கள். அத்தனை நெருக்கடியிலும் நடந்ததையெல்லாம் அவள் தன் இருதயத்தில் வைத்துச் சிந்தித்தாள் (வச. 19). இதுதான் இளைப்பாறுதல்.

இரண்டு, மேய்ப்பர்கள். அவர்களும் ராத்திரி வேலைக்காரர்தான். தேவதூதன் வந்ததினால் அவர்களுடைய வேலை குறைந்துபோகவில்லை. ஆனாலும் திரும்பிப் போகும்போது தேவனைத் துதித்துக்கொண்டே போனார்கள் (வச. 20). இதுதான் நன்றி.

கவனியுங்கள், உள்ளத்தில் சேர்த்து வைத்தவன்தான் வாயைத் திறந்து துதிக்க முடியும். சேர்த்து வைக்க நேரம் கொடுக்காதவனுக்குப் பாட்டு வரும், நன்றி வராது.

ஆகையால் இந்த வருஷம் ஒன்று செய்யுங்கள். வேலை எவ்வளவு இருந்தாலும் இரவில் கால்மணி நேரம் விளக்கண்டை உட்கார்ந்து, மாதத்துக்கு ஒரு நன்மையாக எழுதுங்கள். கண்ணீரின் மாதம் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதி, அதிலும் கர்த்தர் கைவிடாததைத் தேடிப் பாருங்கள். பண்டிகைக் காலையில் பலகாரத் தட்டை எடுக்குமுன் குடும்பமாக அதை வாசித்து ஸ்தோத்திரியுங்கள்.

அன்று சாயங்காலமே அந்தத் தாயார் வீட்டுக்குப் போனோம். டெம்போ இல்லை, மேளம் இல்லை. 12 நன்மைகளையும் ஒவ்வொன்றாக வாசித்து ஸ்தோத்திரம் சொன்னோம். ஐந்து இரவு சரியாகத் தூங்காத எனக்கு அந்தத் திண்ணையில்தான் இளைப்பாறுதல் கிடைத்தது.

ஜெபம்: அன்பின் பரம தகப்பனே, எங்கள் அலைச்சலை மன்னியும். நீர் செய்த நன்மைகளை உட்கார்ந்து எண்ணிப் பார்க்க எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.